நொய்க் கஞ்சிக்கு உருதுவில் என்ன?

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியச் சமவெளியின் மேல் மூடுபனி இறங்குகிறது. லாகூருக்கு மேற்கே தொடங்கி அமிர்தசரஸ், தில்லி, லக்னோ, பாட்னா என்று கிழக்கே வங்கம் வரை நீளும். செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்தால் இமயத்தின் அடிவாரம் நெடுக யாரோ பஞ்சைத் திணித்து வைத்தது போல இருக்கும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று, கோதுமை வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர், இலை அசையாத இரவு, நகரங்களின் புகை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. 1947 ஆகஸ்டில் ராட்கிளிஃப் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. லாகூரில் ஓடுபாதை தெரியாத காலையில் பெரும்பாலும் தில்லியிலும் தெரிவதில்லை.

ஐம்பது மீட்டர் தூரம் தெரிந்தால்கூட இறங்க உதவும் கருவிகள் இப்போது தில்லியில் இருக்கின்றன. ஆனால் ஓடுபாதையில் இருந்தால் மட்டும் போதாது. விமானத்திலும் இருக்க வேண்டும், விமானிக்கும் அதற்கான பயிற்சி வேண்டும். ஆகவே காலைப் பொழுதுகளில் தாமதம் தவிர்க்க முடியாததாகிறது. இரண்டு ஊர்களுக்கும் போக வேண்டிய பயணிகள் சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, துபாய் விமான நிலையத்தின் ஒரே கூடத்தில், எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள்.

இந்தியரும் பாகிஸ்தானியரும் இயல்பாக, யாரும் ஏற்பாடு செய்யாமல், கைகுலுக்கலைப் படம் எடுக்க யாரும் நிற்காமல் சந்தித்துப் பேசும் இடம் இன்று எது என்று கேட்டால் நான் வாகா எல்லையைச் சொல்ல மாட்டேன். அங்கே மாலை நேரத்தில் நடப்பது காலைத் தூக்கித் தரையில் அறையும் போட்டி. சந்திப்பு நடப்பது வளைகுடா விமான நிலையங்களின் காத்திருப்புக் கூடங்களில்.

வேறு வழிகள் இருந்தன, ஒவ்வொன்றாக அடைபட்டன. 1976ல் தொடங்கிய சம்ஜோதா ரயில் 2019 ஆகஸ்டில் நின்றது. வாஜ்பாயி 1999ல் ஏறிப் போன தில்லி-லாகூர் பஸ், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு நின்று, 2003 ஜூலையில் மறுபடி ஓடி, 2019ல் மறுபடி நின்றது. தில்லிக்கும் லாகூருக்கும் இடையே ஆகாயத்தில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதைக் கடக்க அரபிக்கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்பது நம் காலத்து வினோதம். 2024ல் துபாய் விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 9 கோடியே 23 லட்சம் பேர். அவர்களில் இந்தியாவுக்குப் போனவர்களும் வந்தவர்களும் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம். பாகிஸ்தானுக்கும் முன்வரிசையில் இடம் உண்டு. இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பேசாமல் இருப்பார்களா?

ஆங்கிலேயர் வானிலையில் தொடங்கி வானிலையிலேயே முடித்துவிடுவார்கள் என்பது பழைய கேலி. நம்மவர் மூன்றாவது கேள்வியில் சம்பளத்துக்கு வந்துவிடுவார்கள். வளைகுடாக் கூடத்துக்கென்று தனி வரிசை இருக்கிறது. எந்த ஊர்? எத்தனை வருஷம்? எத்தனை மாச லீவு? கம்பெனி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறதா? பிள்ளைகள் எத்தனை? தேசம் எது என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வரும், வராமலும் போகும். மடியில் கிடக்கும் பாஸ்போர்ட்டின் நிறமே சொல்லிவிடுகிறது: நம்முடையது கருநீலம், அவர்களுடையது பச்சை. கண் ஒரு முறை அதன் மேல் போய்விட்டு வரும். பிறகு பேச்சு லீவுக்குத் திரும்பிவிடும்.

ஒரு காலத்தில் நம் விமான நிலையங்களில் அறிமுகம் செய்துவைத்தது ஒரு துண்டு அட்டை. நாட்டை விட்டுப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஆங்கிலத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். அப்படிப் போகிறவர்களிடம் போய் ஆங்கில அட்டையை நீட்டுவார்கள். சட்டைப் பையில் பேனா தெரிந்தவர் பாடு அதோடு சரி. நான் கைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவள். சீகர், சிவான், நிஜாமாபாத், ராமநாதபுரம் என்று எத்தனையோ ஊர்க்காரர்களின் தகப்பன் பெயர் எனக்குத் தெரியும். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்து, "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டபோது ஒருவர், "தங்கச்சி கல்யாணக் கடன்" என்றார். நான் 'வேலை' என்று எழுதினேன். இந்தியர்களுக்கு வருகை அட்டை 2014 மார்ச்சிலும், புறப்பாட்டு அட்டை 2017 ஜூலையிலும் ரத்தாயின. நல்ல காரியம், வரிசை குறைந்தது. முன்பின் தெரியாதவரிடம் போய் நிற்க ஏழைக்கு இருந்த ஒரு காரணமும் அதோடு போயிற்று.

காத்திருப்புக் கதைகளில் உலகப் புகழ் பெற்றது காண்டரின் கதை. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள அந்தச் சிற்றூரில் 38 பயணி விமானங்கள் வந்து இறங்கின. ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்தாயிரம், வந்து இறங்கியவர்கள் ஆறாயிரத்து ஐநூறுக்கும் மேல். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் வீடுகளிலும் நாட்கணக்கில் தங்க வைத்துச் சோறு போட்டார்கள். அங்கே சந்தித்த ஓர் ஆங்கிலேயரும் ஒரு டெக்சாஸ் பெண்மணியும் பிறகு கல்யாணமே செய்துகொண்டார்கள். 'கம் ஃப்ரம் அவே' என்று அது இசை நாடகமாகி 2017ல் பிராட்வேக்கும் போனது. அந்தக் கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேரிடர் வந்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். துபாயில் தினமும் நடப்பதை யாரும் பாட்டாக்கப் போவதில்லை. அதனால் ஒன்றையாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

2018 ஜனவரி. ஐரோப்பாவில் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறையிலிருந்து தில்லி திரும்பிக்கொண்டிருந்தேன். தில்லியில் பனி. பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராகவும், இரண்டு வரி கீழே லாகூர் விமானத்துக்கு நேராகவும் தாமதம் என்று எரிந்தது. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தேன். எட்டொன்பது வயதுப் பையன் ஒருவன், முகத்தில் மருத்துவமனை முகமூடி, என் எதிரே வந்து நின்றான். கையில் நான்காக மடித்த தாள். என் பத்திரிகையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு திரும்பி, பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்த தகப்பனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எழுத்து ஒரே மாதிரி இருக்கிறது என்று அர்த்தம்.

தகப்பனார் அருகில் வந்து, "மன்னிக்க வேண்டும் பாஜி" என்று தொடங்கினார். பாஜி என்றால் அக்கா. குஜ்ரான்வாலாக்காரர். பையனுக்கு இதயத்தில் ஓட்டை. சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறார்கள். மருத்துவமனை கொடுத்த ஆங்கிலக் காகிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன, அவற்றை ஊரில் டாக்டர் பார்த்துக்கொள்வார். இந்தத் தாள் வேறு. மருத்துவமனைக்குப் பக்கத்தில் மூன்று வாரம் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் எழுதிக் கொடுத்தது. சமைத்துப் போட்டவர் அவர்தான். அவருக்கு உருது தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. கிளம்புகிற அன்று இதைக் கையில் திணித்து, வழியில் யாராவது தமிழ்க்காரர் இருப்பார், படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சென்னை விமான நிலையத்தில் சோதனை, வரிசை, அவசரம். யாரையும் கேட்க முடியவில்லை. துபாயில் இறங்கியதிலிருந்து பையனும் அவரும் இந்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

முகவரி எழுதாத கடிதம். வழியில் ஒரு தமிழர் இருந்தே தீருவார் என்று அந்த அம்மாளுக்கு எவ்வளவு நம்பிக்கை!

தாளில் எண் போட்டு எழுதியிருந்தார். காலையில் நொய்க் கஞ்சி, உப்பு ஒரு சிட்டிகை. மதியம் குழைய வடித்த சாதம், பாசிப்பருப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு கண்ணிலேயே காட்ட வேண்டாம். தண்ணீர் கொதித்து ஆறியதும், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், கேட்டு அழுதால் உதட்டை நனைக்கவும்.

நான் முதல் வரியைத் தமிழில் வாசித்ததுமே தகப்பனார் முகம் மலர்ந்தது. "காஞ்சி! இது எனக்குத் தெரியும் பாஜி. அந்த அம்மா தினமும் இந்த வார்த்தையைச் சொல்லுவார். எங்கள் வீட்டிலும் போடுவோம். இப்போது அதற்குத்தான் பருவம். இவன் அம்மா கையால் போட்டால் தெருவே வந்து குடிக்கும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. தில்லியில் குளிர்காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். பஞ்சாபில் காஞ்சி என்பது வேறு. கருங்கேரட்டைத் தண்ணீரில் போட்டு, கடுகுப் பொடியும் உப்பும் தாராளமாகச் சேர்த்து, வெயிலில் நாலைந்து நாள் புளிக்க வைத்து எடுக்கும் பானம். ஜிவ்வென்று மூக்கில் ஏறும். எல்லையின் இரண்டு பக்கமும் குடிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் பிள்ளைக்கு, காலையில் ஒரு தம்ளர் கடுகும் உப்பும் புளிப்பும்! ஆங்கில அகராதி காஞ்ஜி என்ற சொல்லைத் தமிழிலிருந்து வந்தது என்று மரியாதையாகக் குறித்து வைத்திருக்கிறது. முதுகலையில் சொல்லாராய்ச்சிக்கு என்று ஒரு தாள் உண்டு. ஒரே ஒலி இரண்டு ஊரில் இரண்டு பண்டமாகும் உதாரணங்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அது ஒரு பிள்ளையின் காலை ஆகாரமாக எதிரே வந்து நிற்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"அது இல்லை அண்ணா, இது அரிசியில் செய்வது, புளிக்காதது" என்றேன். அரிசித் தண்ணீரா என்றார். தண்ணீர் இல்லை, அதைவிடக் கெட்டி. சோறா? சோறும் இல்லை. நொய் என்பதற்கு உடைந்த அரிசி என்று இந்தியில் விளக்கினேன். அரிசியை நாங்களே உடைக்க வேண்டுமா என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியுடன் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "டோட்டா" என்றார்.

தகப்பனார் சட்டென்று திரும்பினார். "டோட்டாவா?"

"ஆமாம் பாய். டோட்டா சாவல். உங்கள் ஊரிலிருந்து மூட்டையில் வருமே, அதுதான். நிறையத் தண்ணீர் விட்டு, கரையும் வரை வேகவிட வேண்டும்."

குஜ்ரான்வாலா பாஸ்மதி விளையும் சீமை. அரிசி ஆலையில் முழு அரிசியைப் பிரித்த பிறகு மிஞ்சும் குருணைதான் டோட்டா. அந்தச் சொல் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்ததும் முகம் கொஞ்சம் வாடியது. விலை மலிந்த அரிசி ஆயிற்றே, மூன்று வாரமாக என் பிள்ளைக்கு அதையா போட்டார்கள் என்று அவர் வாய் விட்டுக் கேட்கவில்லை. நான் கேட்காததற்குப் பதில் சொன்னேன். எங்கள் பக்கம் முதல் பல் முளைக்கும் குழந்தைக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் நொய்தான், வயிற்றை உறுத்தாது, வீட்டில் நெல் எவ்வளவு இருந்தாலும் அதுதான் என்றேன். பையன் முகமூடிக்குள்ளிருந்து, "நன்றாகத்தான் இருந்தது அப்பா" என்றான். வழக்கு முடிந்தது.

டோட்டா தெரிந்தவர் தெலங்கானாவில் ஜகித்யால் பக்கத்துக்காரர். கட்டடங்களுக்குப் பலகை அடிக்கும் தச்சர். பதினான்கு வருஷம் ஷார்ஜாவில். ஹைதராபாத் விமானம் ராத்திரிதான், கம்பெனி வண்டி எல்லாரையும் மொத்தமாக ஏற்றி வந்து காலையிலேயே தள்ளிவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்பு வரை. தெலுங்கு வீட்டு மொழி. இந்தி, உருது, வங்காளம், மலையாளம், கொஞ்சம் பஷ்தூ, கொத்தனார் அரபி எல்லாம் அறையில் கற்றது. அறையில் எட்டுப் பேர். இரண்டு பெஷாவர்க்காரர்கள், ஒரு சில்ஹெட்டுக்காரர், ஒரு கோரக்பூர்க்காரர், மற்றவர்கள் இவர் ஊர். முறை வைத்துச் சமையல். வெளிச்சண்டை உள்ளே வருமா என்று கேட்டேன். பத்திரிகைக்காரியின் புத்தி. அவர் யோசித்துவிட்டு, "மிளகாய் எவ்வளவு என்பதில்தான் சண்டை மேடம். கிரிக்கெட் அன்றைக்கு மட்டும் டிவியை அணைத்துவிடுவோம். அடுத்த நாள் ஐந்து மணிக்கு ஒரே பஸ்ஸில் போக வேண்டும் இல்லையா" என்றார்.

மீதி வரிகளை நாங்கள் மூன்று பேருமாக முடித்தோம். குழைய வடித்த சாதத்துக்கு 'கலா ஹுவா சாவல்' என்று நான் சொன்னது தேறியது. கருவாடு எழுந்தபோது பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான், மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தகப்பனார் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே வந்தார். அந்த அம்மாளின் எண்களை மட்டும் அப்படியே ஒட்டிப் போட்டுக்கொண்டார். பிறகு தான் மூன்று வாரத்தில் பிடித்து வைத்திருந்த சொற்களைச் சரிபார்க்க விரும்பினார். தண்ணி தெரியும். வலி தெரியும். வார்டில் நர்ஸ் ஊசி போட வரும்போதெல்லாம் பையனை 'ராசா' என்று கூப்பிடுவாராம், அது மருந்தின் பெயரா என்று கேட்டார். இல்லை, அதுதான் உங்கள் மகன் என்றேன்.

இங்கே வேறு சிலதையும் சொல்ல வேண்டும். 2003 ஜூலையில், நின்று போயிருந்த பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் அதில் வந்த ஒரு லாகூர்க் குழந்தைக்குப் பெங்களூரில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. நாடே அந்தக் குழந்தைக்குப் பொம்மை அனுப்பியது. 2024 ஜனவரியில் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்குச் சென்னையில் மாற்று இதயம் பொருத்தினார்கள், இதயம் வந்தது தில்லியிலிருந்து. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அட்டாரி எல்லை மூடப்பட்டது, பாகிஸ்தானியருக்குக் கொடுத்த விசாக்கள் ரத்தாயின, மருத்துவ விசாவுக்கு மட்டும் 29ஆம் தேதி வரை தவணை. இரு நாட்டு வான்வெளிகளும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று மூடிக்கொண்டன. சிகிச்சை பாதியில் இருந்த குடும்பங்களும் மூட்டை கட்ட நேர்ந்தது. அவர்களில் இதய நோயுள்ள குழந்தைகள் இருந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. கொன்றவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஒரு குழந்தையின் இதய வால்வு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தேதிப்படி பார்த்தால், என் எதிரே நின்ற பையன் ஏழு வருஷம் முந்திப் பிறந்தது அதிர்ஷ்டம்.

அந்தத் தாளில் ஒரு வரி பாக்கி இருந்தது. எண் போடாமல், அடியில், வேறு மையில். 'ஊருக்குப் போனதும் வாசலில் நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடவும். பட்ட கண்ணெல்லாம் போகட்டும்.'

இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் தச்சர் "நஜர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தகப்பனார் எழுதுவதை நிறுத்தினார். "உப்பு வேண்டாம் என்று மேலே நாலு இடத்தில் இருக்கிறதே பாஜி?" என்று கேட்டார். இது சாப்பிட இல்லை, தலையைச் சுற்றி எறிய என்றேன். எத்தனை மிளகாய் என்றார். தாளில் கணக்கு இல்லை. எங்கள் ஊரில் ஏழு, அதுவும் அடுப்பில் போட வேண்டும் என்றார் அவர். எங்களுக்கும் அடுப்புதான், எண்ணிக்கை பாட்டிக்குப் பாட்டி மாறும் என்றேன் நான். தச்சர் ஐந்து என்று பிடிவாதமாக நின்றார். இந்த விவாதம் முடியுமுன் லாகூர் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தகப்பனார் இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பையனைத் தள்ளுநாற்காலியில் உட்கார வைத்தார். தில்லியில் பனி இன்னும் விலகவில்லை. எனக்கு மேலும் மூன்று மணி நேரம் இருந்தது.